மலை வலமும் ஊர் நலமும்

கார்த்திகைத் தீபத் திருநாளன்று, மாலைக் கதிரவன் மறையும் வேளையில், திருவண்ணாமலையின் உச்சியில் பெருஞ்சுடர் ஒன்று எழும். ஏறத்தாழ 2,668 அடி உயரமுள்ள அம்மலைமேல் ஏற்றப்படும் தீபம் பல கல் தொலைவில் உள்ள சிற்றூர்களுக்கும் தெரியும். அதனைக் கண்டு தொழவும், 14 கிலோமீட்டர் நீளமுள்ள மலைவலப் பாதையைச் சுற்றி வரவும் நாற்றிசையினின்றும் இலட்சக்கணக்கான மக்கள் வந்து குழுமுவர். உழவரும் வணிகரும், முதியோரும் சிறாரும், கற்றோரும் கல்லாதோரும் வேறுபாடின்றி ஒரே வழியில் நடப்பர். ஒரே பந்தலில் நீர் அருந்துவர். ஒரே வரிசையில் அமர்ந்து உணவு கொள்வர்.

சில நாளைக்குள் ஓர் ஊரின் மக்கள் தொகை பன்மடங்காகப் பெருகிவிடுகிறது. அத்தனை பேருக்கும் குடிக்க நீர் வேண்டும். உண்ண உணவு வேண்டும். காலைக்கடன் கழிக்க மறைவான இடம் வேண்டும். இவற்றுள் ஒன்று கெட்டாலும் திருவிழா பெருந்துன்பமாக மாறும். முற்காலத்தில் அவ்வாறு மாறியதும் உண்டு. பெருந்திருவிழாக்களுக்குச் சென்றவருள் சிலர் வழியிலேயே மாண்டனர். சிலர் தம் ஊருக்கு இறைவன் திருநீற்றோடு நோயையும் கொண்டு சென்றனர். 'போனவர் நலமே மீள வேண்டும்' என்ற கவலை வீட்டில் இருந்தோர் நெஞ்சை வாட்டியது.

இன்று அக்கவலை பெரும்பாலும் நீங்கியுள்ளது. கூட்டமோ குறையவில்லை, பன்மடங்கு பெருகியுள்ளது. அங்ஙனமாயின் அச்சம் நீங்கியது எவ்வாறு? ஒரு மருந்தினால் அன்று. ஒரு மருத்துவரால் அன்று. ஒரே நாளிலும் அன்று. அறிஞர் பலர் கண்ட உண்மையும், அரசு இயற்றிய சட்டமும், ஊரவை செய்த பணியும், மக்கள் கைக்கொண்ட ஒழுக்கமும் ஒன்று கூடியதனால் விளைந்த பயன் அது. அதனையே பொதுச் சுகாதாரம் என்பர்.

தனி மருத்துவமும் பொது நலமும்

நோயுற்ற ஒருவரை நலமுறச் செய்வது மருத்துவம். நோய் ஊரை அணுகாமல் காப்பது பொதுச் சுகாதாரம். முன்னது நோயாளியின் கட்டிலருகே நிகழ்வது. பின்னது கிணற்றங்கரையிலும், கடைத்தெருவிலும், சாக்கடை ஓரத்திலும், பள்ளிக்கூடத்திலும் நிகழ்வது. முன்னதன் வெற்றி கண்ணுக்குத் தெரியும். பிழைத்து எழுந்தவர் நன்றி கூறுவர். பின்னதன் வெற்றி கண்ணுக்குத் தெரியாது. வராத நோய்க்கு நன்றி கூறுவார் யார்?

தமிழர் மருத்துவத்தில் தொன்றுதொட்டுச் சிறந்தவர்கள். திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அறமாக மருத்துவம் செய்யும் வழக்கமும் இந்நாட்டில் இருந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தின் வழியே பாயும் செய்யாறு, பாலாற்றோடும் வேகவதியோடும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் உள்ளது. 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் அவ்வூர்க் கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்று நடைபெற்றது. ஆதுலசாலை என்பது மருத்துவமனை. மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர் அங்கு இருந்தனர் என்றும், இன்னின்ன மருந்துகள் சேமித்து வைக்கப்பட்டன என்றும் அக்கோயில் கல்வெட்டு கூறுகிறது.

தூய்மையைப் பற்றிய எண்ணமும் முன்னோரிடம் இருந்தது. கோயிலுக்குச் செல்லுமுன் நீராடுதல், உண்ணுமுன் கை கழுவுதல், வெளியே சென்று வந்தால் கால் கழுவி உள்ளே புகுதல் ஆகியன வழக்கமாயின. வழிச் செல்வோர்க்குத் தண்ணீர்ப் பந்தல் அமைப்பதும், ஊருக்குக் குளம் தோண்டுவதும் பேரறங்களாகப் போற்றப்பட்டன. திருவண்ணாமலைக் கோயிலினுள்ளே சிவகங்கைத் தீர்த்தமும் பிரம தீர்த்தமும் உள்ளன. வெளியே ஐயங்குளம் உள்ளது. மலைவலப் பாதையிலும் தீர்த்தங்கள் பல உள்ளன.

ஆயினும் ஒரு குறை இருந்தது. நோய் எதனால் வருகிறது, எவ்வழியாகப் பரவுகிறது என்பது அக்காலத்தில் உலகில் எவருக்கும் தெரியாது. தெளிந்த நீரெல்லாம் தூய நீர் என்று மக்கள் எண்ணினர். ஒருவர் குளித்த குளத்தில் மற்றொருவர் குடிநீர் எடுத்தார். கண்ணுக்குத் தெரியாத உயிர் ஒன்று அந்நீரில் வாழக்கூடும் என்பதை அவர் எவ்வாறு அறிவார்?

கக்கல் கழிச்சலின் கதை

திருவிழாக்களை மிகுதியும் அச்சுறுத்திய நோய் காலரா. வாந்தியும் பேதியும் ஒருங்கே உண்டாவதால் இதனை வாந்திபேதி என்றும், கக்கல் கழிச்சல் என்றும் தமிழ்மக்கள் வழங்கினர். காலையில் நலமாக இருந்தவர் இந்நோய் கண்டால் மாலைக்குள் உடல் நீரெல்லாம் வற்றி, கண் குழிந்து, கை கால் குளிர்ந்து மாள்வதும் உண்டு. 1817-ஆம் ஆண்டில் வங்காளத்தில் இந்நோய் பெருகிப் பரவத் தொடங்கியது. படைகளோடும் வணிகரோடும் கப்பல்களோடும் சென்று, பின்னர் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் எட்டியது.

கெட்ட காற்றினாலேயே இந்நோய் பரவுகிறது என்று மேனாட்டு மருத்துவர் பலரும் கருதினர். அக்கருத்தை ஏற்காதவர் சான் சுனோ என்னும் ஆங்கில மருத்துவர். 1854-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் ஒரு பகுதியில் காலரா தோன்றி, பத்து நாளுக்குள் 500-க்கு மேற்பட்டோரைக் கொன்றது. சுனோ வீடு வீடாகச் சென்று வினவினார். இறந்தவருள் பெரும்பாலோர் பிராடு தெருவில் இருந்த ஓர் அடிகுழாயின் நீரைக் குடித்தவர் என்பதைக் கண்டார். அக்குழாய்க்கு அண்மையில் இருந்த ஏழையர் விடுதி ஒன்றில் 500-க்கு மேற்பட்டோர் தங்கியிருந்தும் ஒரு சிலரே இறந்தனர். அவ்விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. 'காற்று இருவருக்கும் ஒன்று. நீர்தான் வேறு' என்பது இதனால் விளங்கியது. சுனோவின் வேண்டுகோளின்படி அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கியிருந்தது. ஆயினும், நோயைத் தடுக்க நீரைக் காக்க வேண்டும் என்ற பாடத்தை உலகம் அந்நிகழ்ச்சியினின்றும் கற்றது.

முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1884-இல் இராபர்ட்டு காக்கு என்னும் செருமானிய அறிஞர் கல்கத்தாவுக்கு வந்து ஆராய்ந்தார். வளைந்த வடிவமுடைய நுண்ணுயிர் ஒன்றே காலராவுக்குக் காரணம் என்று அவர் நிறுவினார். மக்கள் குளிக்கவும் துணி துவைக்கவும் குடிக்கவும் பயன்படுத்திய ஒரு குளத்தின் நீரிலும் அந்நுண்ணுயிரைக் கண்டார். திருவிழா ஊர்களில் நோய் பரவியதன் மறைபொருள் இவ்வாறு வெளிப்பட்டது.

தொலைவூர் அடியார் ஒருவர் உடலில் அந்நுண்ணுயிர் இருப்பதாகக் கொள்வோம். அவர் நோயாளியாகத் தோன்றாமலும் இருக்கலாம். அவர் குளத்தின் அருகே வெளிக்குச் சென்று, குளத்தில் இறங்கிக் கழுவுகிறார். நுண்ணுயிர்கள் நீரிற் கலக்கின்றன. அந்நீரைப் பலர் அருந்துகின்றனர். சிலர் குடத்தில் முகந்து சமைக்கின்றனர். நோய் வெளிப்பட ஒரு சில மணி நேரம் முதல் ஐந்து நாள் வரை ஆகும். அதற்குள் தீபத்தைக் கண்ட மக்கள் வண்டிகளிலும் இரயிலிலும் ஏறித் தம் ஊர்களுக்குத் திரும்பிவிடுகின்றனர். அவ்வூர்க் கிணறுகளும் கெடுகின்றன. ஓர் ஊரிற் பற்றிய தீ நூறு ஊர்களில் எரிகிறது. 1867-ஆம் ஆண்டில் அரித்துவாரத்துக் கும்பமேளா முடிந்து திரும்பிய அடியார்களோடு காலராவும் சென்று வடநாட்டு ஊர்கள் பலவற்றிற் பரவியது.

ஆகவே குற்றம் திருவிழாவினுடையது அன்று, வழிபாட்டினுடையதும் அன்று. கழிவும் குடிநீரும் கலந்ததே குற்றம். இவ்விரண்டையும் பிரித்துவிட்டால் மக்கள் எத்தனை பேர் கூடினும் தீங்கில்லை. இந்த எளிய உண்மையைச் செயற்படுத்துவதற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

அரசும் நகராட்சியும்

ஒரு வீட்டின் கிணற்றை அவ்வீட்டார் காப்பர். ஊர்க் குளத்தைக் காப்பவர் யார்? எல்லார்க்கும் பொதுவானது எவருக்கும் உரியதன்று என்று விடப்படுவது உலக இயல்பு. ஆதலால் பொது நலத்தைக் காப்பதற்குப் பொது அமைப்பு வேண்டும்.

ஆங்கில அரசு முதலில் கவலை கொண்டது மக்களைப் பற்றி அன்று. தன் படைவீரரைப் பற்றியே. போரில் மடிந்தவரினும் நோயில் மடிந்த வீரர் மிகுதியாக இருந்தனர். இந்தியப் படைகளின் நலத்தை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1863-இல் வெளிவந்தது. அவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் துணை நின்றவர் பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார். அவர் இந்தியாவைக் கண்ணாற் கண்டதில்லை. ஆயினும் இந்நாட்டு ஊர்களுக்குத் தூய நீரும் கழிவுநீர் வடிகாலும் வேண்டும் என்று நெடுங்காலம் எழுதியும் வாதாடியும் வந்தார். 1864-இல் சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் குழுக்கள் அமைக்கப்பட்டன.

அடுத்து ஊராட்சி முறை வளர்ந்தது. 1884-இல் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டம் இயற்றப்பட்டது; 1886-இல் திருவண்ணாமலை நகராட்சி தோன்றியது. தெருவைப் பெருக்குதல், சாக்கடை வெட்டுதல், குடிநீர் தருதல், அம்மை குத்துதல், பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்தல் ஆகியன நகராட்சிகளின் பணிகளாயின. பிறப்பு இறப்புப் பதிவேடு வெறும் கணக்கேடு என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு தெருவில் ஒரே கிழமையில் இறப்பு மிகுமாயின், அங்கு ஏதோ தீங்கு நேர்ந்துள்ளது என்று அவ்வேடே முதலில் எச்சரிக்கும். சுனோ இலண்டனில் செய்ததும் அதுவே.

1922-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனித் துறை ஏற்பட்டது. நோயாளரைப் பேணும் மருத்துவத் துறை வேறு, நோயைத் தடுக்கும் சுகாதாரத் துறை வேறு எனப் பிரிக்கப்பட்ட இம்முறை தமிழ்நாட்டில் நூறாண்டு கடந்தும் நிலைத்து நிற்கின்றது.

பிளேக்கும் பெரியம்மையும்

காலராவைப் போன்றே மக்களை அலைக்கழித்த நோய்கள் வேறு இரண்டு இருந்தன. அவற்றுள் ஒன்று பிளேக். 1896-இல் பம்பாயில் தோன்றிய இந்நோய் பின்னர் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. எலிகளின் மேலுள்ள தெள்ளுப் பூச்சிகள் இதனைப் பரப்புகின்றன என்பதைச் சைமாண்டு என்னும் பிரெஞ்சு அறிஞர் 1898-இல் கண்டறிந்தார். வீட்டில் எலிகள் செத்து விழுந்தால் அவ்வீட்டை விட்டு வெளியேறுவதே அந்நாளில் மக்கள் அறிந்த காப்பு.

1905-ஆம் ஆண்டளவில் திருவண்ணாமலையிலும் பிளேக் பரவியது. மக்கள் பலர் ஊரை விட்டு அகன்றனர். அக்காலத்தில் இரமண மகரிசி மலைமேல் விரூபாட்ச குகையில் வாழ்ந்து வந்தார். அவரும் உடன் இருந்த அன்பரும் ஊருக்குப் புறம்பே உள்ள பச்சையம்மன் கோயிலில் ஏறத்தாழ ஆறு திங்கள் தங்கியிருந்தனர் என்று அவர்தம் வரலாறு கூறுகின்றது. துறவியரையும் இடம்பெயரச் செய்த அந்நோயை இன்று திருவண்ணாமலை மக்கள் நூல்களில் மட்டுமே படித்து அறிகின்றனர்.

மற்றொன்று பெரியம்மை. எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் கவர்ந்ததும், பிழைத்தவருள் பலரைக் கண்ணிழக்கச் செய்ததும் இந்நோயே. தமிழ்மக்கள் இதனை மாரியம்மனின் வருகையாகக் கருதினர். அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகுவர். அயலார் அவ்வீட்டினுள் புகார். நோயுற்றாரைத் தனியே கிடத்தித் தூய்மையாகப் பேணுவர். நோயாளரைப் பிறரினின்றும் பிரித்துவைக்கும் நன்மை அவ்வழக்கத்தில் இருந்தது. ஆனால், நோய் வருமுன் காக்கும் வழி அதில் இல்லை.

அவ்வழியைக் கண்டவர் எட்வர்டு சென்னர். மாட்டம்மைப் பாலைக் கையில் குத்தினால் பெரியம்மை வாராது என்று அவர் 1796-இல் காட்டினார். 1802-இல் அம்மைப்பால் இந்தியாவை அடைந்தது. மக்கள் உடனே அதனை ஏற்கவில்லை. 'அம்மனின் சினத்துக்கு ஆளாவோமோ' என்று சிலர் அஞ்சினர். அம்மை குத்துவோர் ஊருக்குள் வந்தால் குழந்தைகளை ஒளித்து வைத்தனர். அச்சத்தைத் தண்டனையால் மட்டும் போக்க இயலாது. நம்பிக்கையால்தான் போக்க இயலும் என்பதைச் சுகாதாரப் பணியாளர் மெல்ல மெல்ல உணர்ந்தனர். அம்மைப்பாலைப் பேரளவில் செய்து வழங்குவதற்காகச் சென்னைக் கிண்டியில் 1899-இல் ஒரு நிலையம் நிறுவப்பட்டது. மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கிங் என்பவரின் பெயரால் அது கிங் நிலையம் எனப்படுகிறது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அம்முயற்சி வீண்போகவில்லை. 1975-ஆம் ஆண்டு மே மாதத்திற்குப் பின்னர் இந்தியாவில் ஒருவருக்கும் பெரியம்மை கண்டதில்லை. 1980-இல் உலகமே அந்நோயினின்றும் விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மாந்தர் முயற்சியால் மண்ணுலகினின்றும் அடியோடு நீக்கப்பட்ட முதல் மனித நோய் பெரியம்மையே ஆகும்.

திருவிழாவுக்கு ஒரு சட்டம்

1939-ஆம் ஆண்டு தமிழகச் சுகாதார வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. இராசாசி முதலமைச்சராக இருந்த அக்காலத்தில் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. இந்திய மாகாணங்களுள் இத்தகைய முழுமையான சட்டத்தை முதன்முதல் செய்தது சென்னையே. குடிநீர், வடிகால், உணவு, தொற்றுநோய், வீட்டு வசதி முதலியவற்றோடு, சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் அச்சட்டத்தில் தனி அதிகாரமே வகுக்கப்பட்டது. திருவிழாக்கள் மலிந்த நாட்டுக்கு அது மிகவும் பொருந்திய ஏற்பாடன்றோ?

அச்சட்டத்தின் கருத்து எளியது. மக்கள் பெருந்திரளாகக் கூடும் இடத்தில் சுகாதார ஏற்பாடுகளைச் செய்து தருவது ஊராட்சி அமைப்பின் கடமை. வந்தவர் எவ்வாறேனும் போகட்டும் என்று இருத்தல் கூடாது. கெட்ட நீர்நிலையை மூடவும், கெட்ட உணவை அகற்றவும் சுகாதார அலுவலருக்கு உரிமை உண்டு.

இக்காலத்துத் தீபத் திருவிழாவின்போது இப்பணிகளை நேரிற் காணலாம். விழாவுக்குப் பல நாள் முன்னரே தொட்டிகள் கழுவப்படுகின்றன. குடிநீரில் குளோரின் கலக்கப்படுகிறது. சுகாதார ஆய்வாளர் சிறிய கண்ணாடிக் குழாயில் நீரை எடுத்துச் சில துளி மருந்தை விடுகிறார். நீர் மஞ்சள் நிறம் பெற்றால் அதில் குளோரின் உள்ளது என்று பொருள். நிறம் மாறாவிடின் அத்தொட்டிக்கு மீண்டும் மருந்திட வேண்டும். அந்தச் சிறு நிறமாற்றம் ஆயிரம் பேருக்குக் காவலாகிறது. மலைவலப் பாதையில் தற்காலிகக் கழிப்பிடங்களும் மருத்துவ முகாம்களும் அமைக்கப்படுகின்றன. 108 ஊர்திகள் நிறுத்தப்படுகின்றன. அன்னதானம் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் இசைவு பெற்றே உணவு வழங்க வேண்டும். அன்னமிடுதல் சிறந்த அறம். நோயில்லாத அன்னமிடுதல் அதனினும் சிறந்தது.

இவ்வேற்பாடுகளுக்கெல்லாம் அடிப்படை போதிய நீர். மழையையும் குளங்களையும் ஏரியையும் நம்பியிருந்த திருவண்ணாமலைக்குத் தென்பெண்ணையாற்றின் குறுக்கே 1958-இல் கட்டப்பட்ட சாத்தனூர் அணை பெருந்துணையாயிற்று. அணை நீரைத் தூய்மை செய்து குழாய் வழியாக நகருக்குக் கொணர்ந்த பின்னர், தெய்வ வழிபாட்டுக்குரிய தீர்த்தமும் குடிப்பதற்குரிய நீரும் வேறு வேறாயின. தீர்த்தம் தன் பெருமையில் குறையவில்லை. மக்கள் உயிருக்கு அதனால் நேர்ந்த இடரே நீங்கியது.

தன்னைத் திருத்திக்கொள்ளும் அறிவு

பொதுச் சுகாதாரம் தவறே செய்யாத துறை அன்று. தவறு கண்டவிடத்துத் தன்னைத் திருத்திக்கொள்வதே அதன் சிறப்பு. காலரா ஊசியின் வரலாறு இதற்குச் சான்றாகும். 1893-இல் ஆப்கின் என்னும் அறிஞர் இந்தியாவில் காலராத் தடுப்பூசியைப் பரப்பத் தொடங்கினார். பின்னர்த் திருவிழாவுக்குச் செல்வோர் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. ஆயினும், அவ்வூசி தரும் காப்பு சில திங்களே நிற்கும் என்பதும், ஊசி போட்டுக்கொண்டவர் உடலிலிருந்தும் நோய் பிறர்க்குப் பரவக்கூடும் என்பதும் ஆராய்ச்சியால் தெரிந்தன. எனவே, நாடு விட்டு நாடு செல்வோரிடம் காலரா ஊசிச் சான்று கேட்கும் வழக்கத்தை 1973-இல் உலக சுகாதார நிறுவனம் கைவிட்டது. தூய நீரே முதற்காப்பு என்ற பழைய உண்மை மீண்டும் வலியுறுத்தப்பட்டது.

நோய் கண்டவரைப் பிழைக்கச் செய்யும் வழியோ வியக்கத்தக்க வகையில் எளிதாயிற்று. 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே என்னும் இந்திய அறிஞர், காலரா நுண்ணுயிர் குடலில் ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்பதையும், அந்நஞ்சே உடல் நீரை வெளியேற்றுகிறது என்பதையும் மெய்ப்பித்தார். இழந்த நீரையும் உப்பையும் உடலுக்குத் திருப்பித் தந்தால் நோயாளர் பிழைப்பர். 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையில் இருந்த ஏதிலியர் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே செலுத்தும் நீர் போதவில்லை. அங்குப் பணிபுரிந்த திலீப் மகாலனாபிசு என்னும் மருத்துவர், சருக்கரையும் உப்பும் கலந்த நீரை வாய்வழியே குடிக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த இறப்பு நூற்றுக்கு நான்கினும் குறைந்தது. ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டிச் சருக்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் அவ்வுயிர் காக்கும் நீர் எந்த வீட்டிலும் கிடைக்கும். இது மாணவர் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ளத்தக்கது.

வெறுமையாய்க் கிடந்த பாதை

பழைய கொள்ளைநோய்கள் அகன்றன. இனி அச்சமில்லை என்று உலகம் எண்ணியிருந்தபோது, 2020-ஆம் ஆண்டில் கொரோனா என்னும் புதுநோய் வந்தது. அது நீரால் அன்று, மூச்சுக் காற்றால் பரவியது. அவ்வாண்டுக் கார்த்திகைத் தீபம் வழக்கம்போல் மலையுச்சியில் ஏற்றப்பட்டது. ஆனால், மலைவலம் வர மக்களுக்கு இசைவு தரப்படவில்லை. இலட்சக்கணக்கானோர் நடக்கும் பாதை அமைதியாய்க் கிடந்தது. அடியார்கள் தத்தம் இல்லத்திலிருந்தே தீபத்தைத் தொழுதனர்.

அது வருத்தம் தந்த காட்சியே. ஆயினும் அதில் ஒரு பாடம் இருந்தது. பிறர் உயிரைக் காப்பதற்காகத் தம் விருப்பத்தை ஒருவர் சில காலம் அடக்கிக்கொள்வதும் வழிபாடே. கூட்டம் மீண்டும் கூடுவதற்கு வழி செய்தவர்கள், கூடாமல் இருந்த அம்மக்களும் தடுப்பூசி போட்டுக்கொண்ட மக்களுமே ஆவர்.

யாருடைய பணி?

திருவிழா முடிந்த மறுநாள் விடியற்காலையில் மலைவலப் பாதையைக் காண்பவர்க்கு ஓர் உண்மை புலனாகும். இலைகளும் தாள்களும் எஞ்சிய உணவும் குவிந்து கிடக்கும். அவற்றை அகற்றுவோர் தூய்மைப் பணியாளர். மக்கள் தீபத்தைக் கண்டு உறங்கும் வேளையில் அவர்கள் துடைப்பமும் கூடையும் ஏந்தி உழைக்கின்றனர். பழங்காலத்தில் இப்பணி செய்தவரை உலகம் இழிவாக நடத்தியது. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளும் கொடுமையும் இருந்தது. அதனை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் முற்றிலும் தடை செய்துள்ளது. சட்டம் கொடுமையைத் தடுக்கும். மதிப்பை மக்களே தர வேண்டும். ஊரைத் தூய்மை செய்பவரைத் தாழ்வாகக் கருதும் ஊர், தான் நோயினின்றும் பிழைத்ததற்குக் காரணம் யார் என்பதை அறியாத ஊரேயாகும்.

அவர்கள் மட்டுமே செய்து முடிக்கும் பணியும் அன்று இது. ஓர் இலட்சம் பேர் குப்பையை எறிய, ஆயிரம் பேர் அள்ளுவதால் ஊர் தூய்மையுறாது. ஒவ்வொருவரும் தம் கையில் உள்ளதைக் குப்பைத் தொட்டியில் இட்டால் பாதி வேலை முடியும். குளத்தை அசுத்தம் செய்யாமை, கழிப்பிடத்தையே பயன்படுத்துதல், உண்ணுமுன் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல், மூடிவைத்த நீரையே அருந்துதல், ஞெகிழிப் பொருள்களைத் தவிர்த்தல், உரிய காலத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல் ஆகியன சிறு செயல்களே. இவற்றைச் செய்பவரை எவரும் புகழ மாட்டார். ஆயினும் இவற்றைச் செய்யாத ஒருவரால் நூறு பேர் நோயுறக்கூடும் என்பதை மேலே கூறிய வரலாறு காட்டுகிறது.

மருத்துவமனைகள் பெருகுதல் நன்று. திருவண்ணாமலையில் 2013-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டதும் அம்மாவட்ட மக்கள் பெற்ற நற்பேறே. ஆனால், நோயாளர் மிகுந்து மருத்துவமனைகள் நிறைவது ஊரின் பெருமை அன்று. நோய் நுழையாதபடி வாயிலிலேயே காப்பது பெருமை.

அடுத்த கார்த்திகையிலும் மலையுச்சியில் தீபம் எழும். இலட்சக்கணக்கானோர் கைகூப்பி நிற்பர். அவர்கள் குடித்த நீர் தூயதாக இருக்கும். உண்ட உணவு நல்லதாக இருக்கும். சென்றவர் அனைவரும் நலமே வீடு திரும்புவர். அதற்குப் பின்னே நீரைச் சோதித்த ஆய்வாளரும், ஊசி போட்ட செவிலியரும், தெருவைப் பெருக்கிய பணியாளரும், தொட்டியைத் தேடிச் சென்று இலையைப் போட்ட சிறுவனும் நிற்கின்றனர். மலையை வலம் வருவோர் அவர்களையும் நினைந்து, தம் பங்கையும் செய்வாராயின், ஊர் நலம் என்றும் குன்றாது.